பொதுச்செவிக்கு எட்டிய பஸ்

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸையே அடியோடு எடுத்துவிட்டார்கள் என்பது டெய்லர் அக்காவுக்கு அன்று காலை தெரியாது. தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, வெயில் சுள்ளென்று ஏறும்வரை சாலைத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் பழக்கடை வைத்திருந்தவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் கடைசியில் சாலையைத் தாண்டி வந்து விஷயத்தைச் சொன்னார். யாரிடம் சொல்லிவிட்டு எடுத்தார்கள் என்று அக்கா கேட்டாள். ஏதோ பாட்காஸ்ட்டில் சொன்னார்களாம் என்றார் அவர்.

அக்காவுக்கு வேலை ஒரு துணிக்கடையின் பின்னறையில். வாங்கியவர்களின் அளவுக்கு பேன்ட்டின் காலைக் குறைப்பாள், இடுப்பைப் பிடிப்பாள், ஜிப் மாற்றுவாள். தம்பி எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபிறகு வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவதே அவனுக்கு வேலையாகிவிட்டது. ஆஸ்பத்திரியோ ஊரைத் தாண்டி, புறவழிச் சாலைக்கும் அப்பால். டாக்சி பிடித்துப் போய்வரும் அளவுக்கு பேன்ட்டுகள் யாருக்கும் நீளமாக இல்லை. அந்த பஸ் ஒன்றுதான் வழி.

போக்குவரத்து அலுவலகத்தில் மனு வாங்குகிற ஜன்னலை அடைத்து வெள்ளையடித்திருந்தார்கள். அதன்மேல் ஓர் அறிவிப்பு: 'இனி மனுக்கள் படிக்கப்பட மாட்டா. இயக்குநர் மக்களின் குரலைக் காதால் கேட்கிறார்.' அக்கா மகிழ்ந்துபோனாள். எழுதத் தெரிந்தவர்களைத் தேடும் வேலை மிச்சம் என்று நினைத்து, எந்த அறைக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று காவலாளியிடம் கேட்டாள். காவலாளி ஒரு காதில் இருந்த இயர்போனைக் கழற்றி அவளுக்கு விளக்கினார். இயக்குநரை நேரில் பார்க்க முடியாது. அவர் காலையில் டிரெட்மில்லில் நடக்கும்போது 'பொதுச்செவி' பாட்காஸ்ட் கேட்பார். அதில் யாராவது எதையாவது சொன்னால் அது அவர் காதுக்குப் போகும். அந்த பஸ்ஸை எடுத்ததுகூட அதில் வந்த ஒரு பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் என்று சொல்லிவிட்டு, விட்ட இடம் தவறிவிடுமே என்ற கவலையோடு இயர்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸை எடுத்த இடத்திலேயே போய்த் திரும்பக் கேட்பதென்று அக்கா முடிவு செய்தாள். அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவளுக்குப் பட்டது.

பொதுச்செவி இருந்த கட்டிடத்தில் சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. தரையெல்லாம் கம்பளம். எல்லோரும் காலில் காலுறை மட்டும் மாட்டிக்கொண்டு பூனை மாதிரி நடந்தார்கள். தாழ்வாரத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் பதிவு அறைக்குள்தான். கதவுக்குமேல் சிவப்பு விளக்கு எரிந்தால் தும்மல்கூடக் கூடாது. தலையில் பெரிய ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் வந்து, அக்கா வாயைத் திறக்கும் முன்பே உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்றாள். அவள் விருந்தினர் ஒருங்கிணைப்பாளர். அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் அவள் உஷ் மேடம்.

"நீங்க என்னவா வந்திருக்கீங்க?" என்று உஷ் மேடம் கிசுகிசுத்தாள். "நிபுணரா, பிரபலமா, எதிர்த்தரப்பா, சாதாரண ஆளா?"

"பஸ்ஸுக்காக வந்திருக்கேங்க."

உஷ் மேடத்தின் முகம் மலர்ந்தது. இந்த மாதம் முழுக்க ஒரு சாதாரண ஆளுக்காக அலையாத இடமில்லையாம். வருகிறவர்கள் எல்லோரும் நிபுணர்களாகவே வருகிறார்களாம்.

அங்கே நான்கு நிகழ்ச்சிகள் நடந்தன: பொருளாதாரம், அரசியல், ஊடகம், கலாச்சாரம். அவற்றை நடத்துகிறவர்களை அந்தந்தப் பெயராலேயே அழைத்தார்கள். பொருளாதாரம் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், அரசியலுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கலாச்சாரம் இன்னும் தூங்கி எழவில்லை என்று உஷ் மேடம் சொன்னபோது அக்கா தலையை ஆட்டினாள். ஊர் நிலவரத்தைச் சொல்வதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

முதலில் அவளைப் பொருளாதாரத்திடம் அனுப்பினார்கள். அவர் மெலிந்த மனிதர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்திருக்கலாம் என்று யோசிக்கிறவரைப்போல ஒரு கணம் நின்றுதான் உட்கார்ந்தார். மைக்கைச் சரிபார்ப்பதற்காக, எல்லோரையும் கேட்பதுபோல் அவளையும், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் சாப்பிடலை" என்றாள் அக்கா. முதல் நாள் டயாலிசிஸ் தவறிப்போயிருந்தது. தம்பிக்குக் கால் வீங்கி, விடியவிடிய உட்கார்ந்தே இருந்தான். காலையில் அடுப்பு மூட்ட அவளுக்குத் தோன்றவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து உஷ் மேடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பொருளாதாரமும் கண்ணை மூடி ரசித்தார். குரலில் என்ன ஓர் உண்மை என்றார்.

பிறகு பதிவு தொடங்கியது. பொருளாதாரம் நெடுநேரம் தனியாகப் பேசினார். பஸ் என்பது பஸ் அல்ல, ஒரு தேவையின் வெளிப்பாடு என்றார். காலியாக ஓடும் இருக்கைகளைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது. அதன் பின்பு அக்காவின் பக்கம் திரும்பி, அவளுடைய தம்பியின் உயிருக்கு அவள் தோராயமாக எவ்வளவு மதிப்புப் போடுவாள் என்று கேட்டார்.

அக்காவுக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டாள்.

"சும்மா ஒரு மனக்கணக்குங்க. விக்கிறதுக்கு இல்ல."

"அவன் என் தம்பி சார்."

"பார்த்தீங்களா" என்று அவர் மைக்கைப் பார்த்துச் சொன்னார். "இதுதான் பிரச்சினை. எல்லாரும் பஸ் வேணும்னு கேக்கறாங்க, விலையைச் சொல்லுன்னா சொந்தத்தைச் சொல்றாங்க. விலை சொல்ல மாட்டேன்கிறவங்களாலதான் நாடு தடுமாறுது. இப்ப நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க, ஒரு சின்ன இடைவேளைக்கு அப்புறம்."

இடைவேளையில் ஒரு மெத்தைக் கம்பெனியைப் புகழ்ந்து அவரே உருக்கமாகப் பேசினார். அது முடிந்தபோது நேரமும் முடிந்திருந்தது.

நிகழ்ச்சி வெளியான அன்று தம்பியின் கட்டிலில் இருவரும் போனை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்கள். அதில் அக்கா பேசியது ஒரே ஒரு இடத்தில், ஆரம்ப இசைக்கு முன்னால்: 'ஒண்ணும் சாப்பிடலை.' பஸ் என்ற சொல்லை அவள் சொல்வதாக ஓர் இடமும் இல்லை. தம்பி சிரித்தான். சிரித்தால் மூச்சு வாங்கும் என்று தெரிந்தும் சிரித்தான்.

"ஒரு மணி நேரத்துல ரெண்டே வார்த்தை. வீட்டுலயும் இப்படியே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்க்கா."

அவன் கணுக்காலை அக்கா விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

பழக்கடைக்காரர் நல்ல மனிதர். கொள்முதலுக்குப் போகிற நாளில் தன் சரக்கு வேனில் இருவரையும் காலிப் பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவார். ஆனால் அவர் கொள்முதலுக்குப் போவது வாரத்தில் ஒரு நாள். மீதி நாட்களில் தம்பி வீட்டில் கிடந்து, தாகத்துக்குத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதால் ஒரு பனிக்கட்டியை நாக்கில் வைத்துக்கொண்டு, அது கரையக் கரைய விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் அக்காவைத் தனியே கூப்பிட்டுத் திட்டினார். இப்படி இடையில் சுற்றுகளை விட்டுவிட்டு வந்தால் தண்ணீர் நுரையீரலில் ஏறும், ஒருநாள் வந்து சேர்வதற்கு முன்பே முடிந்துவிடும் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். பொதுச்செவியில் பேசியிருக்கிறேன், சரியாகிவிடும் என்றாள். அந்த நர்ஸும் பொதுச்செவி கேட்பவர்தான். அந்த 'ஒண்ணும் சாப்பிடலை' நீங்களா என்று கேட்டு, அதன்பிறகு கொஞ்சம் மரியாதையாகத் திட்டினார்.

அடுத்தது அரசியல். இந்த முறை விட்டுவிடக் கூடாது, வாயைத் திறந்தவுடன் பஸ் என்றுதான் தொடங்க வேண்டும் என்று அக்கா வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். தாழ்வாரத்தில் அவளுக்குப் பக்கத்தில், நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்கும்மா ஆதரவு?"

"ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு."

"அப்ப நான் எதிர்ப்பு" என்றார் அவர். அவர்தான் நிரந்தர எதிர்த்தரப்பு. காலையில் குடிநீரை எதிர்த்துவிட்டு வந்திருந்தார். தம்பிக்கு என்ன உடம்பு என்று அக்கறையோடு விசாரித்து, தன் சித்தப்பாவும் அப்படித்தான் போனார் என்று வருந்தி, தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று ஒரு மிட்டாயும் கொடுத்தார். உள்ளே போய் சிவப்பு விளக்கு எரிந்ததும் ஆளே மாறிப்போனார். மேசையைத் தட்டினார். வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போகிற உரிமையை இந்தப் பெண்ணின் தம்பிக்கு யார் கொடுத்தது என்றார். தான் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போய் வருஷக்கணக்காகிறது, நான் என்ன பஸ்ஸா கேட்டேன் என்றார். இன்று சிறுநீரகத்துக்கு பஸ் விட்டால் நாளை பல்வலிக்கும் விட வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார்.

அக்கா திகைத்துப்போய் வாயில் இருந்த மிட்டாயை விழுங்கிவிட்டாள். அது தொண்டையில் சிக்கியது. அவள் இருமி முடிப்பதற்குள் நேயர்களின் வாக்கு வந்துவிட்டது. தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர்.

அரசியல் மெய்சிலிர்த்துப்போனார். அவர் பருத்த மனிதர். எழுந்து நின்றே பேசினார். "இதுதாங்க ஜனநாயகத்தோட அழகு. நாடு சரிபாதியா நிக்குது. நாங்க யார் பக்கமும் சாயலை. ஒரு உயிர் விஷயத்துலகூட நடுநிலை தவறலைங்கிறதை நினைச்சா எனக்கே பெருமையா இருக்கு."

வெளியே வந்ததும் எதிர்த்தரப்பு, நான் ஏதாவது அதிகமாகப் பேசிவிட்டேனா என்று கேட்டு, தம்பியை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த வாரம் பழக்கடைக்காரரின் வேனுக்கு எஞ்சின் பழுது. தம்பி மூன்று சுற்றையும் தவறவிட்டான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மேசைமேல் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தபடியே தூங்கினான். அக்கா போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓடினாள். இயக்குநர் கேட்டாரா என்று காவலாளியிடம் விசாரித்தாள். கேட்டார், மிகவும் பிடித்திருந்ததாம். ஆனால் எதிர்த்தரப்பு பேசும்போது டிரெட்மில் நின்றுவிட்டதாம். மீதியை நாளை கேட்பாராம்.

ஊடகத்திடம் போகும்போது அக்கா காலில் விழவும் தயாராக இருந்தாள். ஊடகம் இளம் பெண். பேசும்போது அடிக்கடி நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். இதுவரை மற்ற நிகழ்ச்சிகள் அக்காவை நடத்திய விதம் தன்னைத் தூங்கவிடவில்லை என்றாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனுஷியாவது இருக்கிறாளே என்று நினைத்தாள்.

"உங்க வலியை எல்லாரும் பயன்படுத்திக்கிட்டாங்க" என்றாள் ஊடகம். "நாங்க அந்தத் தப்பைச் செய்ய மாட்டோம். உங்க குரலைச் சுரண்ட மாட்டோம். அதனால உங்க மைக்கை ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம். நீங்க சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும். அதுதான் உங்களுக்கு நாங்க செய்யற மரியாதை."

அக்கா அந்த மரியாதையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி மூன்று பேர், அவள் ஏன் பேச முடியவில்லை என்பதைப் பற்றிப் பேசினார்கள். நடுவில் ஒருமுறை அவள் மைக்கில்லாமலே பஸ் என்று கத்திப் பார்த்தாள். அறைச் சுவரின் பஞ்சு அதை உறிஞ்சிக்கொண்டது. ஊடகம் அவள் கையைப் பரிவோடு அழுத்தி, 'உங்கள் மௌனம் ரொம்பச் சத்தமாக இருக்கிறது' என்று சொல்லி நிகழ்ச்சியை முடித்தாள்.

கலாச்சாரத்திடம் அவள் போகவே வேண்டியிருக்கவில்லை. கலாச்சாரம் அவளைத் தேடிக்கொண்டு கடைக்கே வந்தது. ஒரு நாள் கடையில் ஒரு டி-சர்ட்டை உள்ளே அனுப்பினார்கள்; பக்கவாட்டில் கொஞ்சம் பிடிக்க வேண்டுமாம். அக்கா அதை விரித்தாள். நெஞ்சில் பெரிய எழுத்தில், 'ஒண்ணும் சாப்பிடலை.' வாங்கிய பெண் வெளியே நின்றுகொண்டிருந்தாள். இது என்ன என்று அக்கா கேட்டதற்கு, அது ஒரு பாட்டு, எல்லோரும் பாடுகிறார்கள், உங்களுக்குத் தெரியாதா என்று ஆச்சரியப்பட்டு அந்தப் பெண் போனை எடுத்துப் போட்டுக் காட்டினாள். தாளத்துக்கு நடுவில் அக்காவின் குரல் வந்து வந்து போயிற்று. கலாச்சாரம் என்பவர் அதில் இந்தக் காலத்தின் பசியைக் கண்டுபிடித்து மூன்று பகுதிகள் பேசியிருந்தாராம்.

அக்கா ஊசியில் நூல் கோத்து, டி-சர்ட்டை உள்புறம் திருப்பிப் போட்டு, எழுத்து கண்ணில் படாமல் தைத்துக் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள் அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி, போதும்க்கா என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தான் போய்விட்டால் அவள் ஊர் ஊராக இப்படிக் கெஞ்சிக்கொண்டு திரிய வேண்டாம் என்றான். அக்கா அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் தலைமயிரைக் கோதிவிட்டாள். பொதுச்செவியின் ஆண்டு விழாவுக்கு இயக்குநர் நேரில் வருகிறார், அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன், அதுவரை பொறுத்துக்கொள் என்றாள்.

பொதுச்செவியின் ஆண்டு விழாவில் அரங்கம் நிறைந்திருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் காதில் இயர்போனோடு வந்து, எதிரே மேடையில் நடப்பதையே நேரலையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு ஒரு விருது; ஆண்டின் சிறந்த சாதாரண ஆள். அதைக் கொடுக்க இயக்குநர் எழுந்தார். நரைத்த, கனிவான முகம். காதைத் தொட்டு வணக்கம் சொன்னார். பிறகு பேசினார்.

"முன்னாடியெல்லாம் எனக்கு மூட்டை மூட்டையா மனு வரும். படிச்சுப் படிச்சுக் கண்ணு போயிடும். அதுவும் படிச்சா ஏதாவது செய்யணும்னு தோணும், ராத்திரி தூக்கம் கெடும். கேக்கறதுல அந்தத் தொல்லை இல்ல. நடந்துக்கிட்டே கேக்கலாம், பல் தேய்ச்சுக்கிட்டே கேக்கலாம். இந்த அம்மாவோட கதையை நான் ரெட்டை வேகத்துல ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அழுதேன். மக்கள் குரலை இவ்வளவு கேட்ட இயக்குநர் இதுவரைக்கும் இருந்ததே இல்ல. செஞ்சவங்க இருந்திருக்கலாம். கேட்டவங்க இல்ல."

கைதட்டல் ஓய்ந்ததும் அக்கா விருதைக் கையில் வாங்காமல் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். உஷ் மேடம் ஓடிவருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"எனக்கு இது வேண்டாம் சார். அந்த பஸ்ஸ விடுங்க. என் தம்பிக்கு வாரத்துல மூணு நாள் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். பண்ணலைன்னா செத்துப்போயிடுவான். அவ்வளவுதான் சார் விஷயம். இதுல பேசறதுக்கு வேற ஒண்ணும் இல்ல."

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. பொருளாதாரம் தட்டினார். அரசியல் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பித் தட்டினார். எதிர்த்தரப்பு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். இயக்குநர் அக்காவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, இப்போதே, இந்த மேடையிலேயே ஓர் உத்தரவு போடுவதாக அறிவித்தார். அக்கா அவர் வாயையே பார்த்தாள்.

அந்த நிறுத்தத்தில் ஓர் ஒலிபெருக்கி வைக்கப்படும். நாள் முழுக்கப் பொதுச்செவி ஒலிபரப்பாகும். காத்திருப்பவர்களுக்குக் காத்திருக்கிற உணர்வே இருக்காது.

"பஸ் சார்?" என்றாள் அக்கா.

"பஸ் வந்தா ஏறிப் போயிடுவீங்க, அத்தோட முடிஞ்சுது" என்றார் இயக்குநர் அன்பாக. "காத்திருக்கறதைத்தான் நாம சரிபண்ணணும்."

ஒலிபெருக்கி சொன்னபடி வந்தது. அரசாங்கத்தில் அவ்வளவு சீக்கிரமாக நடந்த காரியம் வேறொன்று இருக்காது. அது வந்த சில நாட்களில் ஒரு காலை தம்பிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், அழைப்பு முக்கியமானது, காத்திருக்கவும் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டில் அக்காவே வந்தாள். அவள் போனை வீசிவிட்டு, தம்பியை முதுகில் சாய்த்து இழுத்துக்கொண்டு சாலைக்கு வந்தாள். போகிற வண்டிகளுக்கெல்லாம் கையை நீட்டினாள். நிறுத்தத்துக் கம்பத்தின் மேலிருந்து ஒலிபெருக்கியில் பொருளாதாரம் தனிமனித முயற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு வேன் நின்றது. பொதுச்செவியின் வேன். 'காத்திருப்பின் ஓசை' என்ற சிறப்பு நிகழ்ச்சிக்காக அந்த நிறுத்தத்தின் சத்தங்களைப் பதிவு செய்ய வந்திருந்தார்கள். உள்ளே உஷ் மேடமும், வண்ணச் சால்வையில் கலாச்சாரமும், ஓட்டுநரும். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி என்றாள். அவளுக்கு வேறு சொல் வரவில்லை. கலாச்சாரம் தம்பியைப் பார்த்தார். அவன் மூச்சைக் கேட்டார். ஏறுங்கள் ஏறுங்கள் என்று பரபரத்தார். அவரே கைகொடுத்துத் தூக்கினார்.

வேன் கிளம்பியது. கலாச்சாரம் தம்பியின் வாயருகே மைக்கை நீட்டினார். பின்புறம் சிவப்பு விளக்கு எரிந்தது. புறவழிச் சாலையைத் தொடுவதற்குள் அவர் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தச் சொன்னார். அக்கா ஆஸ்பத்திரி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பொட்டல்.

"எஞ்சின் சத்தம் மூச்சை அடிச்சிடுது" என்றார் கலாச்சாரம். "ஆஃப் பண்ணிடுங்க. இந்த மூச்சுல ஒரு தலைமுறையே இருக்கு. ரெண்டே நிமிஷம்."

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். அமைதி வந்தது. அந்த அமைதியில் தம்பியின் மூச்சு, கிழிந்த துணியை இழுப்பதுபோலக் கேட்டது. உஷ் மேடம் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அக்கா கெஞ்சினாள். உஷ் என்றாள் உஷ் மேடம். அக்கா முன்னால் போய் ஓட்டுநரின் தோளை உலுக்கினாள். அவர் திரும்பாமலே, பாவமாகச் சொன்னார்.

"சிவப்பு லைட் எரியும்போது வண்டியை எடுக்கக் கூடாதும்மா. வேலை போயிடும்."

அக்கா அந்த விளக்கைப் பார்த்தாள். அதிலிருந்து கீழே இறங்கிய கொத்து ஒயர்களைப் பார்த்தாள். பாய்ந்து போய்க் கையில் அகப்பட்டதைப் பிடித்தாள்.

"அது இல்லக்கா" என்றான் தம்பி, மூச்சுக்கு நடுவே. "பக்கத்து... கறுப்பு."

அக்கா கறுப்பைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்ததும் ஓட்டுநர், விதி அதற்குமேல் தன்னைத் தடுக்கவில்லை என்பதுபோலச் சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பினார். கலாச்சாரம் கூச்சலிட்டார். இரண்டு கையையும் விரித்து, தன் வாழ்நாளின் பதிவு பாழாகிவிட்டது என்றார். ஓட்டுநர் ஆஸ்பத்திரி வாசலில்தான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். தம்பியைத் தள்ளுவண்டியில் போட்டு ஓடினார்கள். அந்த நர்ஸ் திட்டவில்லை. திட்டாததைப் பார்த்துத்தான் அக்காவுக்கு நிலைமை புரிந்தது.

மதியத்துக்குமேல் அவனுக்கு மூச்சு சீரானது. குழாய்களில் ரத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிழைத்துவிட்டான். ஆனால் நாளை மறுநாள் மறுபடி வர வேண்டும். இரண்டு பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது உஷ் மேடம் காலுறையோடு மெதுவாக உள்ளே வந்தாள். முகம் வாடியிருந்தது. பதிவில் பாதி எஞ்சின் இரைச்சல், மீதி அக்காவின் கெஞ்சல், ஒன்றுமே தேறவில்லை என்றாள். கேட்கக் கூடாதுதான், ஆனால் நிகழ்ச்சியை அறிவித்துவிட்டார்கள். அதே வேனில், அதே வழியில், வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிவரை இன்னொரு முறை வர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான்.

"நாளன்னைக்குக் காலையில வரீங்களா?" என்றாள் அக்கா.

சொன்ன நாளில் வேன் வீட்டு வாசலுக்கே வந்தது. வழியில் எஞ்சினை அணைத்த நல்ல அமைதியில், கலாச்சாரம் கண்மூடி இருந்த நேரத்தில் அக்கா தும்மினாள். பதிவு கெட்டது. அடுத்த முறை கத்தரிக்கோல் அவள் கையிலிருந்து நழுவி வேனின் தகரத் தரையில் விழுந்தது. அதற்கடுத்த முறை தம்பிக்கு விக்கல். மூச்சு இப்போது அவனுக்கு நன்றாகவே வந்தது; மைக்கைக் கண்டதும் இழுத்து இழுத்து விட்டான்; சரியான இடத்தில் விக்கினான். கலாச்சாரம் மனம் தளரவில்லை. உண்மை அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது என்று பொருளாதாரத்திடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வேன் வந்துகொண்டிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள்.

ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் உஷ் மேடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அன்றைய பதிவைப் போட்டுக் கேட்பாள். அக்காவும் தம்பியும் உள்ளே போகாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டாக்டர் கையில் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக்கூட அவர்கள் அப்படி நின்றதில்லை. அவள் முகம் சுளித்துத் தலையை ஆட்டினால்தான் அக்காவுக்கு மூச்சு வரும்.

நேற்று அவள் முகம் சுளிக்க ரொம்ப நேரம் பிடித்தது.